உயரத்தை அளக்கிறோம், கழுத்தை மறக்கிறோம்

ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தத்தின் ஜூனியர் ஹெவிவெயிட் பட்டப் போட்டிகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கிறார்கள். யார் எந்தக் கயிற்றிலிருந்து தாவினார், காற்றில் எத்தனை முறை உருண்டார், நடுவர் மூன்று எண்ணி முடிக்கும் முன் எத்தனை முறை தோளைத் தூக்கினார் என்று ஒரு பட்டியல். கடைசியில் நட்சத்திர மதிப்பெண். 2020 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் வில் ஓஸ்பிரேவும் ஹிரோமு தகாஹாஷியும் மோதிய, நியூ ஜப்பான் நிறுவனத்தின் ஐடபிள்யூஜிபி ஜூனியர் ஹெவிவெயிட் பட்டப் போட்டிக்கும் இதே கவனிப்புதான் கிடைத்தது. அது நல்ல போட்டி என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்தப் பட்டத்துக்காக நடந்தவற்றில் முன்வரிசையில் வைக்கத் தக்கது. ஆனால் அதன் சிறப்பைப் பாய்ச்சல்களில் தேடுபவர்கள் பொருளை ஓரிடத்தில் தொலைத்துவிட்டு வெளிச்சம் இருக்கிற இடத்தில் துழாவுகிறார்கள். இருபத்துநான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் நீண்ட அந்தப் போட்டியைத் தூக்கி நிறுத்தியது ஒரு மனிதனின் கழுத்து. வந்திருந்த 40,008 பேரில் பெரும்பாலோர் தாவலுக்குக் கைதட்டினாலும், கண்ணை அந்தக் கழுத்திலிருந்து எடுக்கவில்லை.

காரணம் பதினெட்டு மாதம் முந்தையது. 2018 ஜூன் 9 அன்று ஒசாகாவில் இதே ஓஸ்பிரேயை வீழ்த்தித்தான் ஹிரோமு பட்டத்தை எடுத்தார். நான்கே வாரத்தில், ஜூலை 7 அன்று, சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய கௌ பேலஸ் அரங்கில் மெக்சிகோவின் டிராகன் லீயுடன் பட்டத்தைக் காக்கும் போட்டி. இருவரும் மெக்சிகோவில் ஆண்டுக்கணக்கில் மோதி, ஒருவர் உடம்பின் அசைவை மற்றவர் மனப்பாடமாக அறிந்தவர்கள். அந்தப் பழக்கமும் அன்று கைகொடுக்கவில்லை. லீ அவரைத் தூக்கிக் கவிழ்த்த ஒரு வீச்சில் கோணம் தப்பியது. ஹிரோமுவின் முழு எடையும் தலைவழியாகக் கழுத்தில் இறங்கியது. கழுத்தெலும்பு முறிந்த நிலையிலேயே அவர் எழுந்து, மிச்சப் போட்டியை ஆடி, எழுதிவைத்தபடி வென்றார். பிறகுதான் மேடைக்குப் பின்னால் சரிந்தார். பட்டம் காலியானது. அவர் மீண்டும் போட்டியில் ஆடியது 2019 டிசம்பரில். இடையில் பட்டம் குஷிதா, தைஜி இஷிமோரி, அதே டிராகன் லீ என்று கை மாறி ஓஸ்பிரேயிடம் வந்து சேர்ந்திருந்தது. ஆக, டோமில் ஓஸ்பிரேயை எதிர்கொண்டவர் வெறும் சவால்காரர் இல்லை. தான் தோற்று இழக்காத பட்டத்தைக் கேட்டு வந்தவர். அதைக் கேட்கிற உடம்பு பொறுக்குமா என்று அரங்கில் யாருக்கும் தெரியாதவர்.

இந்த நிலையில் ஓஸ்பிரே செய்த வேலையைக் கவனிக்க வேண்டும். வான்வித்தையில் அவரை மிஞ்ச அன்று உலகில் ஆள் குறைவு. 2019இல் பெஸ்ட் ஆஃப் தி சூப்பர் ஜூனியர்ஸ் தொடரை வென்று, அதன்பின் ஹெவிவெயிட்களின் ஜி1 தொடரிலும் ஆடித் தன் எல்லையை விரித்திருந்தார். அப்படிப்பட்டவர் இந்தப் போட்டியில் வேகத்தைக் குறைத்தார். எதிராளியின் கழுத்தைத் தேடிப் போனார். பிடரியில் முழங்கையால் இடிக்கும் 'ஹிடன் பிளேட்' என்ற அவருடைய ஆயுதம் வேறு எதிராளிக்கு எதிராக இன்னொரு அடி, அவ்வளவுதான். ஹிரோமுவுக்கு எதிராக அதே முழங்கை உயரும்போது அரங்கம் மூச்சை இழுத்துப் பிடிக்கிறது. அந்த அடிக்குப் புதிதாக எந்தக் கனமும் சேரவில்லை. பார்ப்பவரின் நினைவிலிருந்து கனம் வந்து ஏறிக்கொள்கிறது. பாய்ச்சல்களுக்கும் இதே கணக்கு. ஹிரோமு மேலேறும்போது எவ்வளவு உயரம் என்று யாரும் பார்க்கவில்லை. எப்படி இறங்குவார் என்று பார்த்தார்கள். 2016இல் ஓஸ்பிரே ரிகோஷேயுடன் கொராக்குவென் ஹாலில் ஆடிய போட்டி இணையத்தில் கண்டம் தாண்டி ஓடியது. இருவரும் கண்ணாடிப் பிம்பம் போல ஒரே நேரத்தில் உருண்டு ஒரே நேரத்தில் நின்ற காட்சி இன்றும் சுற்றுகிறது. பழைய தலைமுறையின் பெரும்புள்ளி வேடர் அதைச் சண்டையே இல்லை என்று கடிந்தார். அவர் சொன்ன விதம் முரட்டுத்தனம்தான், ஆனால் முழுக்கப் பிழையில்லை. அந்தப் போட்டியில் உயரம் இருந்தது. யார் எதை இழப்பார் என்ற கேள்வி இல்லை. நான்கு ஆண்டில் அதே ஓஸ்பிரே அந்தக் கேள்வியை மையத்தில் வைத்து ஆடக் கற்றிருந்தார். எனக்கு அதுதான் அவருடைய பெரிய பாய்ச்சலாகப் படுகிறது.

முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்ட ஒன்றில் இத்தனை அக்கறை எதற்கு என்ற கேள்வி உடனே வரும். டபிள்யூடபிள்யூஎஃப் சீட்டுக்கட்டோடு வளர்ந்த தலைமுறைக்கு 'அது பொய்ச் சண்டை' என்ற ஒரு வரியே போதுமானதாக இருந்தது. ஆனால் தெருக்கூத்தில் படுகளம் பார்க்க வருகிற எவருக்கும் துரியோதனன் பிழைப்பானா என்ற சந்தேகம் இருந்ததில்லை. முடிவு தெரிந்தவருக்குத்தான் வழி முக்கியமாகிறது. தொழில்முறை மல்யுத்தத்தில் இன்னொன்றும் உண்டு: யார் வெல்வார் என்பதை எழுதலாம், ஓர் உடம்பு பாயில் எந்தக் கோணத்தில் விழும் என்பதை எழுத முடியாது. கௌ பேலஸில் ஹிரோமு வெல்வது எழுதப்பட்டிருந்தது, கழுத்து முறிவது எழுதப்படவில்லை. எழுதியதும் எழுதாததும் ஒரே மேடையில், ஒரே உடம்பில் நடப்பதால்தான் இதை விமர்சிக்க வேண்டியிருக்கிறது. விமர்சகன் பாராட்டுவது நாளை மீண்டும் செய்யப்படும். பாராட்டிய தாவல் அடுத்த மாதம் இன்னும் ஓர் அடி உயரத்திலிருந்து வரும்.

இந்த ஏணி எங்கே தொடங்கியது என்று பார்த்தால் 1981 ஏப்ரல் 23 வரை போக வேண்டும். டோக்கியோவின் குராமாயே கொக்குகிகானில், காமிக்ஸிலிருந்து இறங்கிவந்த புலிமுகமூடி போட்டுக்கொண்டு சதோரு சயாமா, இங்கிலாந்தின் டைனமைட் கிட்டை எதிர்கொண்டார். கனத்த ஆண்கள் பிடித்துத் தள்ளும் ஆட்டமாக இருந்ததற்குள் வேகம் என்ற ஒன்று அன்று நுழைந்தது. அதன் நற்பலனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். குள்ளமானவர்களுக்கும் ஒல்லியானவர்களுக்கும் ஒரு மேடை கிடைத்தது; நூறு கிலோவுக்குக் கீழே இருப்பது குறையில்லை என்றானது; 1986இல் ஐடபிள்யூஜிபி ஜூனியர் பட்டம் என்ற ஒன்றே பிறந்து ஷிரோ கோஷினாகா அதன் முதல் உடைமையாளரானார். வான்வித்தை வெறும் சர்க்கஸ் என்று ஒதுக்குபவர்கள் இந்த வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். ஆனால் அதே வரலாற்றில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. டைனமைட் கிட் தன் கடைசி ஆண்டுகளைச் சக்கர நாற்காலியில் கழித்து 2018 டிசம்பரில் இறந்தார். எஃப்எம்டபிள்யூ நிறுவனத்தின் நட்சத்திரமான ஹயபுசா, 2001 அக்டோபர் 22 அன்று கொராக்குவென் ஹாலில், அதுவரை எண்ணற்ற முறை செய்து பழகிய ஒரு கயிற்றுத் தாவலில் கால் வழுக்கித் தலைகீழாக விழுந்து, உடம்பு செயலிழந்து, மீண்டும் மல்யுத்தம் ஆடாமலேயே 47 வயதில் மறைந்தார். அந்தத் தாவலில் புதிதாக எதுவும் இல்லை. கால் வைத்த இடம் மட்டும் அன்று கொஞ்சம் மாறியது.

இந்த இடத்தில் நட்சத்திர மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. அமெரிக்கப் பத்திரிகையாளர் டேவ் மெல்ட்சர் பரப்பிய ஐந்து நட்சத்திர அளவு 2017 ஜனவரியில் ஒகாதா - கென்னி ஒமேகா போட்டிக்கு ஆறாகியது. அடுத்த ஆண்டு, ஹிரோமு பட்டம் வென்ற அதே ஒசாகா இரவில், அதே இருவரின் போட்டிக்கு ஏழாகியது. முழு மதிப்பெண்ணுக்கு மேலே மதிப்பெண் போடும் வாத்தியாரை எந்தப் பள்ளியும் வைத்துக்கொள்ளாது. அந்தப் போட்டிகள் மோசம் என்று சொல்ல வரவில்லை, இரண்டும் அருமையானவை. எண் ஏறிக்கொண்டே போகலாம் என்று தெரிந்துவிட்டால், இளம் ஆட்டக்காரன் அந்த எண்ணை எட்ட எதைக் கூட்டுவான் என்பதுதான் என் கவலை. கதையைக் கூட்டுவது கடினம். அதற்கு ஆண்டுகள் வேண்டும், ரசிகர்களின் நினைவு வேண்டும், ஹிரோமுவுக்கு வாய்த்தது போல ஒரு பகை வேண்டும். தலை பாயில் மோதும் வீச்சுகளைக் கூட்டுவது எளிது. அதற்கு ஒரு சனிக்கிழமை மாலை போதும். ஓஸ்பிரே - ஹிரோமு போட்டியை 'எத்தனை வீச்சு' என்ற கணக்கில் மெச்சும் ஒவ்வொரு விமர்சனமும் அந்த எளிய வழியைத்தான் கைகாட்டுகிறது.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கவற்றில் கூர்மையானது இது: கழுத்துதான் போட்டியின் உயிர் என்றால், முறிந்த கழுத்தைச் சரக்காக்கி விற்றதை நீ புகழ்கிறாய் அல்லவா? நியூ ஜப்பான் நிறுவனம் அந்தக் காயத்தை மறைக்கவில்லை. திரும்பி வருகிறார் என்ற செய்தியையே விளம்பரமாக்கியது. 2019 நவம்பர் 3 அன்று ஒசாகாவில் ஹிரோமு தோன்றி ஓஸ்பிரேக்குச் சவால் விட்டதே அந்த விற்பனையின் தொடக்கம். கேள்வியில் நியாயம் இருக்கிறது, நான் அதைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் காண்கிறேன். காயத்தை இல்லாதது போல ஆடியிருந்தால், பழைய ஹிரோமு அப்படியே திரும்பிவிட்டார் என்று காட்டியிருந்தால், கழுத்து முறிவது ஒரு விடுமுறை போலத்தானே என்ற பொய் நிலைத்திருக்கும். இந்தப் போட்டி அதைச் சொல்லவில்லை. அடிபட்டால் அது தங்கும், எதிராளி அதைத் தெரிந்துகொள்வான், பார்ப்பவர்களும் மறக்க மாட்டார்கள் என்று சொன்னது. விலை இருந்தது என்று ஒப்புக்கொள்ளும் ஆட்டம், விலையே இல்லை என்று நடிக்கும் ஆட்டத்தைவிட நேர்மையானது. விற்பனை என்ற பழி அதனால் முழுதும் கழுவப்பட்டுவிடாது என்பதும் உண்மைதான்.

இரண்டாவது எதிர்வாதம் வான்வித்தைக் கட்சியிலிருந்து வருகிறது. மிகப் பெரிய துயரங்கள் பறக்கும்போது நேரவில்லையே என்று கேட்கிறார்கள். மிசாவா மிட்சுஹாரு 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில் இறந்தது பின்புறமாகத் தூக்கிக் கவிழ்க்கும் சாதாரண வீச்சுக்குப் பிறகு. அவருக்கு வயது 46. தகாயாமா யோஷிஹிரோ 2017இல் செயலிழந்தது எதிராளியின் மேல் குட்டிக்கரணம் போட்டுக் கவிழ்க்கும் மிக எளிய பிடியில். அதே 2017இல் ஷிபாதா கத்சுயோரிக்கு மூளையில் இரத்தக் கசிவு வந்தது, டோக்கியோவின் ரியோகோகு அரங்கில் ஒகாதாவின் நெற்றியில் தன் நெற்றியால் மோதியதில். இவர்களில் யாரும் மூலைக்கம்பத்தின் உச்சியிலிருந்து விழவில்லை. இதை ஏற்கிறேன், ஏற்பதால் என் வாதம் தெளிவடைகிறது என்றும் நினைக்கிறேன். உயரத்துக்கு எதிராக எனக்கு வழக்கில்லை. மார்பும் முதுகும் சேர்ந்து வாங்கும்படி விழும் பாய்ச்சல், தரையிலிருந்து இரண்டடி தூக்கித் தலைவழியாக இறக்கும் வீச்சைவிடப் பாதுகாப்பானது. அளக்க வேண்டியது எவ்வளவு மேலே போனார்கள் என்பதை விட்டு, எடை எங்கே இறங்கியது என்பதை. ஒரு துணைச் செய்தி: அந்த மிசாவா எண்பதுகளில் ஆறு ஆண்டு இரண்டாவது புலிமுகமூடியாகப் பறந்தவர். பறந்த காலத்தில் தப்பினார். முகமூடியைக் கழற்றி, கழுத்தில் வாங்கும் ஆட்டத்தின் முடிசூடா மன்னராக இருந்த ஆண்டுகள்தான் அவரைத் தேய்த்தன.

அந்த அளவுகோலை இந்தப் போட்டியின் மேலேயே வைத்துப் பார்த்தால் குறையும் தெரிகிறது. கழுத்து பற்றிய கதையைச் சொல்ல உண்மையான கழுத்தை அத்தனை முறை பணயம் வைத்திருக்க வேண்டுமா? முதல் பாதியில் ஓஸ்பிரே பிடித்து முறுக்கிய நேரங்கள் அந்தக் கதையைப் பாதுகாப்பாகவும் ஆழமாகவும் சொல்லிவிட்டன. இறுதிக்கட்டத்தில் இருவரும் ஒருவரையொருவர் தூக்கிக் கவிழ்த்த வேகத்தில், முதலில் கட்டிய அச்சத்தைத் தாங்களே கொஞ்சம் செலவழித்துவிட்டார்கள். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு எழ முடியும் என்றால் அந்தப் பிடரி அடிக்கு முன்பு நாம் ஏன் பயந்தோம் என்ற எண்ணம் ஓரத்தில் எட்டிப் பார்க்கிறது. ஹிரோமு வென்ற 'டைம் பாம்' வீச்சே எதிராளியைத் தோளிலிருந்து சரித்துத் தலைப்பக்கமாக இறக்குவது. தன் கழுத்தில் நேர்ந்ததற்குத் தொலைவில்லாத ஒன்றை அவர் அடுத்தவருக்குச் செய்துதான் வெல்ல வேண்டியிருந்தது. கதையளவில் அதில் ஒரு கசப்பான பொருத்தம் உண்டு. உடம்பளவில் அது மிகை. அன்று தோற்ற ஓஸ்பிரே ஹெவிவெயிட்டாக வளர்ந்து உலகப் பட்டத்தை வென்று, 2021 மே மாதத்தில் அதைத் துறந்தார். காரணம் கழுத்துக் காயம்.

அவர்களே விரும்பிச் செய்கிறார்கள், இதில் பார்வையாளன் யார் குறுக்கே பேச என்பார்கள் சிலர். விருப்பம்தான். ஆனால் இந்த விருப்பம் கைதட்டலில் வளர்கிறது. கைதட்டலுக்கு நாம்தான் பொறுப்பு. மேலும், குறைவாகப் பறந்தும் நெடுநாள் ஆட முடியும் என்பதற்கு ஜூனியர் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. ஷூட்டிங் ஸ்டார் பிரஸ் என்ற பாய்ச்சலைக் கண்டுபிடித்தவராகப் போற்றப்படும் ஜூஷின் லைகர், வயது ஏற ஏற அதைப் பெட்டியில் வைத்துவிட்டு, உள்ளங்கை அடியையும் தரைப்பிடியையும் நம்பி ஆடினார். பதினொரு முறை அந்தப் பட்டத்தை வைத்திருந்தார். மறுபுறம், மூன்சால்ட் என்ற பாய்ச்சல் இல்லாமல் தன்னைக் கற்பனை செய்ய முடியாத முத்தோ கெய்ஜி, 2018இல் இரண்டு முழங்காலிலும் செயற்கை மூட்டு வைத்துக்கொண்டார். அந்தப் பாய்ச்சல் இனிக் கூடாது என்ற நிலையிலும் 2021இல் மீண்டும் பாய்ந்தார். ரசிகர்கள் கண்ணீர் விட்டுக் கொண்டாடினார்கள். அந்தக் கண்ணீர் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே அரங்கில் அமர்ந்திருந்த இருபது வயதுப் பயிற்சி மாணவன் அந்தக் கொண்டாட்டத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டு போயிருப்பான் என்பதும் ஒரு விமர்சகன் கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

நிறுவனங்கள் செய்யக்கூடியது இருக்கிறது: கழுத்தில் இறங்கும் வீச்சுகளைப் பெரிய இரவுகளுக்கென்று ஒதுக்குவது, தலையில் அடிபட்டவரை நிறுத்தும் அதிகாரத்தை மேடையோரம் நிற்கும் மருத்துவரிடம் உண்மையாகவே கொடுப்பது. கௌ பேலஸில் யாரும் அந்தப் போட்டியை நிறுத்தவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது. ஆனால் விமர்சகர்களின் பங்கு இதைவிடச் சுலபமானது, செலவில்லாதது: டோக்கியோ டோமில் எது வேலை செய்தது என்பதைச் சரியாகப் பெயரிட்டுச் சொல்வது. தயக்கம் வேலை செய்தது. முழங்கை உயர்ந்து இறங்காமல் நின்ற அரை நொடி வேலை செய்தது. முன்னே நடந்ததை எல்லாரும் நினைவில் வைத்திருந்தது வேலை செய்தது.

மறுநாள், ஜனவரி 5, அதே டோமில் லைகரின் கடைசிப் போட்டி நடந்தது. அவருக்கு வயது 55. துணைக்கு 1989இல் அவருடைய பெரும்பகைவனாக இருந்த சானோ. எதிரே புதிய சாம்பியன் ஹிரோமு. அவர் பக்கத்தில் ரியூ லீ என்று பெயர் மாற்றிக்கொண்டு நின்றவர், அவருடைய கழுத்தை முறித்த அதே டிராகன் லீ. இருவரும் ஒரே அணி. ஹிரோமு லைகரை அந்த டைம் பாமிலேயே வீழ்த்தினார். முப்பது ஆண்டு அந்த முகமூடிக்குள் இருந்த மனிதர் பாயில் மல்லாந்து கிடந்து மூன்று எண்ணப்படுவதைக் கேட்டார். பிறகு எழுந்து, தம் கால்களாலேயே நடந்து, நுழைவுப் பாதையில் திரும்பிப் போனார்.